வலியைச் சொல்லலாம், விலாசம் வேண்டாம்

பெரம்பலூரில் ஒருவர் பல் டாக்டரிடம் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கினால் "எவ்வளவு இருக்கு?" என்று விசாரித்துவிட்டு, வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொல்லிப் போவார்கள். அதே ஆள் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டால் கதை வேறு. ஓ.பி. சீட்டு எழுதுபவர் தூரத்துச் சொந்தமாக இருப்பார். வரிசையில் முன்னால் நிற்பவர் வேப்பந்தட்டையில் உங்கள் சித்தி வீட்டுக்கு எதிர்வீடு. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உங்களோடு பத்தாவது படித்த பெண். சாயங்காலம் நீங்கள் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

மிகைப்படுத்துகிறேன் என்று சென்னைக்காரர்கள் நினைக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மக்கள் குறைவான மாவட்டம் பெரம்பலூர்தான், 5,65,223 பேர். பக்கத்து அரியலூர் 7,54,894. இரண்டும் ஒரு காலத்தில் திருச்சிக்குள் இருந்தவை. 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்து, அடுத்த வருடமே மறுபடி ஒட்டி, 2007 நவம்பரில் திரும்பவும் தனியானது. அரசாங்கம் எத்தனை முறை கோடு போட்டாலும் பெண் கொடுத்து எடுத்த உறவு கோடு தாண்டித்தான் கிடக்கிறது. குன்னத்துக்கும் செந்துறைக்கும் நடுவே யாருக்கு யார் என்ன முறை என்பது எங்கள் அம்மாவுக்கு விரல் நுனியில்.

அதனால் இந்தப் பக்கத்து ஆட்கள் மனக்கஷ்டம் என்றால் காலம் காலமாக வெளியூர்தான் போவார்கள். குறி கேட்பதற்குக்கூட உள்ளூர்க் கோடாங்கியிடம் போகாமல் நாலு ஊர் தள்ளிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். முசிறிப் பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள் தங்க வைப்பார்கள். "வேண்டுதல்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோன குடும்பங்களும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலையில் 28 பேர் இறந்த பிறகுதான் அந்த மாதிரி இடங்களை அரசு திரும்பிப் பார்த்தது. வைத்தியம் கிடைக்குமா என்பது இந்தக் குடும்பங்களுக்கு இரண்டாவது கேள்வி. யாருக்கும் தெரியாமல் இருக்குமா என்பதே முதல் கேள்வி.

இப்போது அந்த வெளியூர் கைக்குள் வந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, முகம் தெரியாத ஆயிரம் பேர் இருக்கிற ஒரு குழுவில் "எனக்கு வாழவே பிடிக்கலை" என்று எழுதலாம். பத்து நிமிடத்தில் "நானும் இப்படித்தான் இருந்தேன்" என்று யாரோ ஒருவர் பதில் போடுவார். இதைக் கிண்டல் செய்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். 2015-16இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு தமிழ்நாட்டையும் எடுத்துக்கொண்டது. பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநலச் சிக்கல் இருப்பவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்பது அதில் தெரிந்தது. வாயே திறக்காமல் இருப்பதற்கு ஃபேஸ்புக்கில் திறப்பது மேல். ஆனால் அந்த வெளியூர் உண்மையிலேயே வெளியூர்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

எங்கள் உறவில் ஒரு பெண். (அடையாளம் காட்டாதே என்று புத்தி சொல்லும் பதிவில் நானே காட்டக் கூடாது. அதனால் அவள் படிப்பு, வேலை, ஊர் எல்லாவற்றையும் இங்கே விட்டுவிடுகிறேன்.) கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை, மாமியார் பேச்சு தாங்கவில்லை. பெண்கள் குழு ஒன்றில் பெயர் தெரியாமல் பதிவிடும் வசதியைப் பயன்படுத்தி எழுதினாள். பெயர் இல்லை, படம் இல்லை. ஆனால் மாமனாருக்கு என்ன கடை, கணவர் எந்த நாட்டில், கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது, எந்தக் கோயிலுக்குத் திங்கட்கிழமை தவறாமல் போகிறாள் என்று எல்லாம் அதில் இருந்தது. திங்கள், வெள்ளி மட்டும் நடை திறக்கும் அம்மன் என்றால் இங்கே சிறுவாச்சூர் மதுரகாளி என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மூன்றாம் நாள் அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட் அவள் நாத்தனார் கையில். பெயரே இல்லாத பதிவை வைத்துக்கொண்டு ஊரில் அவள் பெயரைக் கெடுத்தார்கள்.

அவள்மேல் தப்பு சொல்ல எனக்கு மனமில்லை. துக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தால் கதையாகத்தான் வரும். கதை என்றால் ஆள், இடம், நாள் எல்லாம் வரும். அதனால் இப்போதெல்லாம் யாராவது என்னிடம் கேட்டால் ஒரே ஒரு யோசனைதான் சொல்கிறேன்: எழுதி முடித்ததும், உங்களுக்கு ஆகாத சொந்தக்காரர் ஒருவரை மனதில் நினைத்துக்கொண்டு, அவர் கண்ணால் ஒரு முறை படியுங்கள். அவருக்கு எந்த வரியில் பொறி தட்டுமோ அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஆறுதல் சொல்ல வருகிறவருக்கு மாமனார் கடை எதுவென்று தெரிய வேண்டியதில்லை. "கூட்டுக்குடும்பம், குழந்தை பற்றிய பேச்சு, தூக்கம் வரவில்லை" என்றாலே போதும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஃபேஸ்புக் குழுவில் பெயரில்லாமல் பதிவிட்டால் உறுப்பினர்களுக்குத்தான் பெயர் தெரியாது. குழுவின் அட்மினுக்கும் மாடரேட்டருக்கும் தெரியும். அந்த அட்மின் யார்? பல குழுக்களில் அவருக்கும் ஒரு புனைபெயர்தான். நீங்கள் முகத்தை மூடிக்கொண்டு போகிறீர்கள், கதவைத் திறந்துவிடுகிறவரும் முகத்தை மூடியிருக்கிறார், ஆனால் அவருக்கு மட்டும் உங்கள் முகம் தெரியும். இது எந்த ஊர் நியாயம்?

சரி, புதுக் கணக்கு தொடங்கினால்? அதே செல் நம்பரில் தொடங்கினால் பிரயோஜனமில்லை. டெலிகிராமில் சேர்ந்த அந்த நிமிடமே, உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களின் போனில் "இன்னார் டெலிகிராமுக்கு வந்துவிட்டார்" என்று மணி அடிக்கும். பெட்டிக்கடைக்காரர் முதல் பழைய டியூஷன் வாத்தியார் வரை எல்லாருக்கும். இன்ஸ்டாகிராமில் "இவரைத் தெரிந்திருக்கலாம்" என்று உங்கள் ரகசியக் கணக்கைக் கொண்டுபோய் மாமா பையனிடம் நீட்டும். அதைத் தடுக்க செட்டிங்ஸில் தொடர்புப் பட்டியலை இணைக்கும் வசதியை அணைக்க வேண்டும், மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவைப் பற்றி சொல்லவே வேண்டாம். உள்ளே நுழைந்ததும் உங்கள் நம்பர் அத்தனை பேருக்கும் தெரியும், ட்ரூகாலரில் போட்டால் உங்கள் பெயரே வந்து விழும். மனநல ஆதரவு என்று சொல்லி வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்கள் நல்ல மனசுக்காரர்களாக இருக்கலாம். ஆனாலும் சேராதீர்கள் என்றுதான் சொல்வேன். மின்னஞ்சலை மட்டும் வைத்துத் தொடங்கும் கணக்கு இவற்றையெல்லாம்விடப் பாதுகாப்பு. அதிலும் உங்கள் இனிஷியலையும் பிறந்த வருடத்தையும் சேர்த்து ஐடி வைத்தால் பழைய கதைதான்.

காசு கொடுக்கும்போதும் மாட்டிக்கொள்வோம். ஆன்லைன் ஆலோசகருக்கு ஐந்நூறு ரூபாய்க் கட்டணத்தை ஜிபேயில் அனுப்பினால் எதிராளிக்கு வங்கிக் கணக்கிலுள்ள உங்கள் முழுப்பெயர் போய்விடும். ஒரு மணி நேரம் 'மலர்' என்ற பெயரில் பேசியதெல்லாம் அந்த ஒரு நொடியில் வீண்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பல வீடுகளில் போன் ஒருத்தருடைய சொத்து கிடையாது. தம்பி கேம் விளையாடுவான், அப்பா வெங்காய விலை பார்ப்பார், பாட்டிக்கு யூடியூபில் பட்டிமன்றம் போட்டுக் கொடுக்க வேண்டும். ராத்திரி நீங்கள் தேடிய "மன அழுத்தம் குறைய" காலையில் பாட்டிக்குப் பரிந்துரையாக வரும். இங்கே பூட்டு போடுவதைவிடச் சுவடு இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் நடக்கிற காரியம், ஏனென்றால் புதிதாக ஒரு பூட்டு போட்டாலே "எதுக்குடி பூட்டு?" என்று கேள்வி வரும். தேடுவதற்கு இன்காக்னிட்டோ, திரையில் செய்தி எட்டிப் பார்க்காதபடி நோட்டிஃபிகேஷனை மறைப்பது, அழைப்புப் பட்டியலில் ஆலோசனைக்காகப் பேசிய எண்ணை அழிப்பது. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தை மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். எப்போதோ பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுப்பதற்காகத் திறந்துவிட்டு வந்தது அப்படியே கிடக்கலாம். சந்தேகப்படுகிற கணவர் வேண்டுமென்றே இணைத்து வைத்திருக்கவும் கூடும்.

இதெல்லாம் தெரிந்தவர்களிடமிருந்து காத்துக்கொள்ள. தெரியாதவர்களில் என்னை அதிகம் பயமுறுத்துவது, பதிவு போட்ட அரை மணி நேரத்தில் இன்பாக்ஸுக்கு வருகிற ஆள்தான்.

அவர் எல்லாருக்கும் முன்னால் பதில் எழுத மாட்டார், தனியாகத்தான் வருவார். முதல் நாள் அவ்வளவு பொறுமையாகக் கேட்பார். "உன்னை யாருமே புரிஞ்சுக்கலை" என்பார். மனது உடைந்து கிடக்கிறவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். நாலாம் நாள் போன் நம்பர். பத்தாம் நாள் "இதை வீட்டில சொல்லாதே, டாக்டர்கிட்டயும் போகாதே, மாத்திரை குடுத்து மந்தமாக்கிடுவாங்க, நான் இருக்கேன்". பிறகு போட்டோ, அப்புறம் ராத்திரி வீடியோ கால். அது பதிவாகும். அதற்குப் பிறகு நடப்பது செய்தித்தாளில் வருவது. ஆண்களுக்கும் இதே வலைதான், பெண் பெயரில் வரும், அவ்வளவே வித்தியாசம். பணம் கேட்கிற வேகம் அங்கே இன்னும் அதிகம். வைத்தியம் வேண்டாம், வீட்டில் சொல்லாதே, என்னிடம் மட்டும் பேசு என்று ஒருவர் சொன்னால் அவர் ஆறுதல் சொல்ல வந்தவர் இல்லை. உண்மையிலேயே அக்கறையுள்ளவர் உங்களை இன்னும் நாலு பேரிடம் அனுப்பத்தான் பார்ப்பார்.

பொள்ளாச்சி நமக்கு நினைவிருக்கிறது. சமூக வலைத்தளத்தில் நட்பாகப் பழகி, வீடியோ எடுத்து, மிரட்டியது 2019 பிப்ரவரியில் வெளியே வந்தது. 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் எனக்கு மறக்காதது இன்னொரு விஷயம். புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரி பத்திரிகையாளர்களிடம் சொன்னார், அரசாணையிலும் அடையாளம் வந்துவிட்டது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நாத்தனார் வெளியிட்டாலும் அரசாங்கமே வெளியிட்டாலும் பெயர் ஒரு முறைதான் வெளியே போகும், திரும்ப உள்ளே வராது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: காசு கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள், அதுதான் அவர்கள் தொழிலே. அழித்துவிட்டு ஓடவும் வேண்டாம், அரட்டையையும் நம்பரையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, பணம் கை மாறுவதற்குள் முடக்க வாய்ப்பிருக்கிறது. தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் புகார் செய்ய வழி உண்டு. படம் பரவிவிடும் என்ற பயம் இருந்தால் 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற தளம் இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஒரு குறியீடு உருவாகும், அந்தக் குறியீடு மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்குப் போய், அதே படம் ஏறும்போது தடுக்கப்படும். இது பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. சின்னப் பிள்ளைகள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

அடுத்து 'டாக்டர்'கள். ரீல்ஸில் தினமும் மனசைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். சிலர் அருமையாகப் பேசுகிறார்கள், நானே பார்ப்பேன். அதில் யார் படித்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தியாவில் கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிட முடிகிறது. ஆனால் மனநல மருத்துவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, வாட்ஸ்அப்பில் பார்த்தாலும் சரி, வீடியோவில் பார்த்தாலும் சரி, மருத்துவர் தன் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். "உங்க ரிஜிஸ்டர் நம்பர் சொல்லுங்க சார்" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல டாக்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கோபப்படுகிறவரிடம் எதற்குக் காசு கட்ட வேண்டும்?

கூடவே நம் ஃபேஸ்புக்கில் வசியம், செய்வினை, பரிகாரம் என்று விளம்பரம் வருகிறதே, அதுவும் இதே வாடிக்கையாளர்களைத் தேடித்தான். மனச்சோர்வு பற்றி நாலு வீடியோ பார்த்தவருக்கு ஐந்தாவதாக அது வந்து நிற்கும்.

பெரிய நிறுவனம், பெரிய ஆப் என்றால் பயமில்லை என்று சொல்லவும் வழியில்லை. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் ஆலோசனை நிறுவனம், ரகசியம் காப்போம் என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர்களின் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. பின்லாந்துக் கதை இதைவிடக் கொடுமை. வாஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் கணினியிலிருந்து சுமார் 33,000 பேரின் குறிப்புகள் திருடப்பட்டன. 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் வந்தது: 200 யூரோ கொடு, தாமதித்தால் 500, இல்லாவிட்டால் நீ உன் டாக்டரிடம் சொன்னதையெல்லாம் ஊருக்குக் காட்டுவேன். திருடியவனுக்கு 2024இல் ஆறு வருடம் மூன்று மாதம் சிறை விதிக்கப்பட்டது. அந்தக் குறிப்புகளை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. ஆப்பில் பதியும்போது ஆதார், முழு முகவரி, வேலை செய்யும் இடம் என்று கேட்டதற்கெல்லாம் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கொடுக்காதது திருடு போகாது.

இளசுகள் பலர் இப்போது ஏ.ஐ.யிடம்தான் மனதைக் கொட்டுகிறார்கள். அதற்கு வாய் இல்லை, ஊரில் போய்ச் சொல்லாது என்ற நம்பிக்கை. டாக்டரிடமோ வக்கீலிடமோ பேசுவதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு சாட்ஜிபிடியிடம் பேசுவதற்கு இல்லை என்று ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மனே 2025 ஜூலையில் ஒரு பேட்டியில் சொன்னார். விற்கிறவரே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல?

அரியலூரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. செந்துறை வட்டம் குழுமூர் அனிதா, பிளஸ் டூவில் 1200க்கு 1176. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். அதற்குப் பின்னாலும் இந்த மாவட்டம் நீட் தேர்வை ஒட்டிப் பிள்ளைகளைப் பறிகொடுத்தது. அரசியல் வாதங்களை இங்கே எடுக்கவில்லை, அதற்கு வேறு பதிவு எழுதலாம். அந்தந்த நாட்களில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன ஓடியது என்று யோசித்துப் பாருங்கள். கடைசிப் படம், கடைசிக் கடிதம், எப்படி நடந்தது என்ற விவரம், மேலே சோகப் பாட்டு. அடுத்த வாரம் தேர்வு எழுதப் போகும் பிள்ளை அதே போனில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. 2022 ஜனவரியில் தஞ்சாவூர்ப் பக்கம் விடுதியில் தங்கிப் படித்த அரியலூர் மாவட்டச் சிறுமி ஒருத்தி இறந்தபோது, ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோவும் அவள் முகமும் பெயரும் நாடு முழுக்கச் சுற்றின. வழக்கு சி.பி.ஐ. வரை போனது. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு அப்படி ஒரு குழந்தையின் அடையாளத்தை வெளியிடவே கூடாது என்கிறது. பார்வர்ட் செய்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இப்படிப்பட்ட செய்திகளை எப்படி எழுத வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தைப் பின்பற்றி இந்திய பத்திரிகை மன்றம் 2019இல் பத்திரிகைகளுக்கு விதி சொன்னது: முறையை விவரிக்காதே, படத்தைப் போடாதே. குழு அட்மின்களுக்கு யாரும் விதி சொல்லவில்லை. இங்கிலாந்தில் மாலி ரஸ்ஸல் என்ற 14 வயதுப் பெண் 2017இல் இறந்தாள். சமூக வலைத்தளம் அவள் கேட்காமலே கொண்டுவந்து கொட்டிய பதிவுகளுக்கும் அந்தச் சாவில் பங்கு உண்டு என்று 2022இல் விசாரணை அதிகாரி சொன்னார். துக்கமான ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்தால் அடுத்தது இன்னும் துக்கமாகத்தான் வரும். மனது சரியில்லாத ராத்திரிகளில் அந்தப் பக்கம் ஸ்க்ரோல் செய்யாமல் இருப்பதும் பாதுகாப்புதான். "ஆர்வமில்லை" என்ற பொத்தானை இரக்கமில்லாமல் அழுத்துங்கள்.

சரி, எங்கேதான் பேசுவது? முகம் தெரியாத கூட்டத்தில் தொடங்குவதில் தப்பில்லை. ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கடமை உள்ள ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். குழுவில் இருக்கிற அக்காவுக்கு அந்தக் கடமை இல்லை. மனநல மருத்துவருக்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கும் உண்டு. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது 24. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 115. போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்தே உதவி கேட்காதவர்கள் நம் ஊரில் இன்னும் இருப்பதால் இதைச் சொல்கிறேன். ரகசியத்துக்கும் எல்லை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் அவர்கள் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். குழந்தைமீதான பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும்.

14416, இது அரசின் உதவி எண். டெலிமானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இதை 'நட்புடன் உங்களோடு' என்கிறார்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் எடுப்பார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ இணைப்பார்கள். நாடு முழுக்க 20 லட்சத்துக்கும் மேல் அழைப்புகள் வந்துவிட்டன, எனவே நீங்கள் அடித்தால் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. தன்னார்வலர்கள்தான் பேசுவார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள், காது கொடுப்பார்கள். சில நேரம் அதுதான் தேவை. நேரில் போக வேண்டும் என்றால், பெரம்பலூர்க்காரர்கள் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அரியலூர்க்காரர்கள் பெரம்பலூருக்கும் போகலாமே! உறவு கோடு தாண்டிக் கிடந்தாலும் எதிர்வீட்டுக்காரர் வரிசையில் நிற்கும் வாய்ப்பு அங்கே குறைவு. நம் ஆட்களுக்கு வெளியூர் போவது பழக்கம்தானே. டவுன் பஸ் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது ராத்திரி நேரத்தில் விடைபெறுவது மாதிரி ஸ்டேட்டஸ் வைத்தால், அதைப் படம் பிடித்து ஊர்க் குழுவில் "பாருங்கப்பா, என்னாச்சு இவனுக்கு?" என்று போடாதீர்கள். அடுத்த நாள் அவர் முகத்தில் விழிக்க முடியாமல் செய்வது அந்தக் கேள்விதான். நேராகப் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒருவரை, அவருக்குப் பிடித்த ஒருவரை அனுப்புங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக முளைத்துவிடாது, கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்றுதான் தோன்றும். உடனடி ஆபத்து என்றால் 108, அல்லது 112.

இதைப் படித்து முடித்ததும் 14416ஐ உங்கள் போனில் சேமித்துவிடுங்கள். வீட்டில் எல்லாரும் எடுக்கிற போன் என்றால் 'கேஸ் புக்கிங்' என்றோ 'டெய்லர் அக்கா' என்றோ பெயர் போட்டு வையுங்கள். ஊர்க் குழுவுக்கு நீங்கள் அட்மினாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு: அடுத்த முறை ஒரு பிள்ளையின் கடைசிப் படம் உங்கள் குழுவுக்கு வரும்போது, யார் அனுப்பியது என்று பார்க்காமல் அழித்துவிடுங்கள், அனுப்பியவர் உங்கள் சொந்த மாமனாராகவே இருந்தாலும்.